பந்து கையை விட்ட பிறகு

ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் பஃபலோ நகரம் முழுக்க வறுத்த ஓட்ஸ் மணக்கும். ஆற்றங்கரை மில்லில் வருடம் பூராவும் வறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். லொரேட்டா குஷ்மிக் ஐம்பத்தெட்டு வருடமாக அந்த வாசனையில்தான் கண் விழிக்கிறாள். விழித்ததும் எழுந்துவிட மாட்டாள். போர்வைக்குள் கிடந்தபடியே முந்தைய ஆட்டத்தை இன்னொரு தடவை ஓட விடுவாள். அந்த அரைத்தூக்கத்தில் ஆட்டக்காரர்களின் முகமெல்லாம் கரைந்துபோகும். பந்து போன வழி மட்டும் வெளிச்சக் கோடாகக் கூரையில் நிற்கும். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து மூலைக்கு, மூலையிலிருந்து கூடைக்கு. அவள் இதுவரை கண்ட கனவுகளில் பாதிக்கு மேல் இந்தக் கோடுகள்தான்.

பகலில் அவள் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிப்பவள். மில்லர்ஸ் கூடைப்பந்து அணிக்கு உள்ளூரில் ஆட்டம் இருக்கும் நாட்களில், அரங்கத்தில் மைதானத்தை ஒட்டிய நீள மேசையில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. பந்தை யார் கொடுத்தார், யார் போட்டார் என்று பார்த்து, சட்டை எண்ணைச் சொல்வது அவள் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து கிளிஃப்டன் மேப்ரி அதைக் கணினியில் தட்டுவான். "ஏழு கொடுத்தது, முப்பத்திநாலு போட்டது, அசிஸ்ட்." இருபத்தாறு வருடமாக அவள் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அசிஸ்ட் என்பது பொல்லாத சமாச்சாரம். கொடுத்த பந்து நேரே கூடைக்குப் போக வேண்டும். வாங்கியவன் நின்று, தரையில் தட்டி, எதிராளிக்குப் போக்குக் காட்டிவிட்டுப் போட்டால் கொடுத்தவனுக்கு ஒன்றும் கிடையாது. எங்கே நேர் முடிகிறது, எங்கே போக்கு ஆரம்பிக்கிறது என்பதை மேசையில் இருப்பவர் கண்ணால் பார்த்து அந்த நொடியிலேயே சொல்ல வேண்டும். எந்த ஊர் மேசையும் சொந்த ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் தாராளமாகத்தான் கொடுக்கும். லொரேட்டாவிடம் அந்தப் பேச்சே கிடையாது. அரங்கத்தில் அவளுக்குக் கஞ்ச மகாராணி என்று பெயர். அந்தப் பெயர்தான் அவள் சேர்த்துவைத்த ஒரே சொத்து, அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

"ஈஸ்டருக்கு இவ வீட்டுக்குப் போனா முட்டையக்கூட எண்ணித்தான் வைப்பா," என்பான் அவள் அண்ணன் ஸ்டான். கிழக்குப் பக்கத்தில் மதுக்கடை நடத்துகிறான். ஊர் நியாயம் எல்லாம் அங்கேதான் பேசி முடிக்கப்படும்.

அந்த வருடம் அங்கே பேச்சு ஒன்றே ஒன்றுதான். மில்லர்ஸ் அணி எமரி டில்லார்டை ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. இருபத்தொரு கோடி டாலர். எமரி பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களைப் போட வைப்பவன். வயது முப்பத்தொன்று, ஒரு முழங்காலில் கத்தி வைத்தாகிவிட்டது. போடுவது ஆட்டத்துக்குச் சராசரியாகப் பதினோரு பாயிண்ட். இருபத்தைந்து பாயிண்ட் போடுகிறவனே இதைவிடக் குறைவாக வாங்குகிறான். ஊர் கொதிக்காமல் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூடியிருந்த கும்பலில் ஸ்டான் தங்கையை வம்புக்கு இழுப்பான்.

"சொல்லு லோரி. பதினோரு பாயிண்ட்டுக்கு இருபத்தொரு கோடி. நீ பக்கத்துலயே உக்காந்து பாக்குறவ. தகுமா?"

"நான் பாத்துச் சொல்றவ. விலை போடுறவ இல்ல."

"பாத்தியா, வாயிலேருந்து வார்த்தையக்கூட எண்ணித்தான் விடுறா!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவள் மீனில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டு வெளியே பனியைப் பார்ப்பாள்.

அவளிடம் பதில் இல்லாமல் இல்லை. அதை எழுத அவள் தாளில் கட்டம்தான் இல்லை. எமரியிடம் வாங்கியவன் இன்னொருவனுக்குக் கொடுத்து, அந்த இன்னொருவன் போட்டால், எமரிக்குப் பூஜ்யம். ஆனால் பூட்டைத் திறந்தது எமரி என்று அவளுக்குத் தெரியும். அவன் சும்மா ஒரு மூலையைப் பார்ப்பான், எதிரணியில் இரண்டு பேர் அந்த மூலைக்கு ஓடுவார்கள், இந்தப் பக்கம் வாசல் திறந்துகொள்ளும். அதற்கும் பூஜ்யம். இவற்றையெல்லாம் அவள் பிறகு விடியற்காலையில், கூரையில் நிற்கும் கோடுகளில்தான் பார்த்துக்கொள்வாள். ஆட்டத்தில் கண் பந்தோடு போயாக வேண்டும். பந்து கையை விட்ட பிறகு அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்ப்பது அவள் தொழிலில் குற்றம். இருபத்தாறு வருடத்தில் அவள் அதைச் செய்ததில்லை.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் ஈஸ்டர் ஞாயிறு பிற்பகல். அன்றைக்கு ஊருக்கே ஒரு விஷயம் தெரியும். எமரியின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: பருவம் முழுவதற்கும் ஆட்டத்துக்குப் பத்து அசிஸ்ட் சராசரி வந்தால் கூடுதலாக இருபது லட்சம் டாலர். அன்று ஒன்பது வந்தால் போதும்.

ஏப்ரல் வெயில் மேல் ஜன்னல்கள் வழியாகச் சாய்ந்து மரத்தளத்தில் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது கால்பகுதியில் எமரி பந்தைத் தட்டியபடி அந்த வெளிச்சத்துக்குள் நடந்து வந்தான். லொரேட்டாவுக்குச் சத்தம் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் அமுங்கியது. அவன் எங்கேயோ பார்த்தான், இரண்டு கைகளும் முன்னால் போயின, பந்து போய்விட்டது. கைகள் போகவில்லை. விரல் விரித்தபடி காற்றில் அப்படியே நின்றன. சைக்கிள் கற்றுக்கொடுக்கும் அப்பா பின்னால் ஓடிவந்து பிடியை விட்டதும் கைகளை நீட்டியபடியே நிற்பாரே, அப்படி. அவன் முகத்தில் அவ்வளவு அக்கறை இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவள் பார்த்த எல்லாவற்றையும்விட அது அழகாக இருந்தது.

அரங்கம் அலறியது. அவள் திரும்பியபோது பந்து வலையிலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்தது.

"முப்பத்திநாலு போட்டது. யாரு குடுத்தது, மிஸ் லோரி?" என்றான் கிளிஃப்டன், குனிந்து தட்டியபடி.

கூடைக்குப் பக்கத்தில் பன்னிரண்டாம் எண் ஆட்டக்காரன் நின்றிருந்தான்.

"பன்னிரண்டு," என்றது அவள் வாய். ஆட்டம் ஓடிப்போயிற்று, அவளும் அதோடு ஓடிவிட்டாள்.

கடைசி நிமிடம் வந்தபோது எமரிக்கு எட்டு. முப்பத்திநாலாம் எண்ணுக்குப் பந்தைக் கொடுத்தான். வாங்கியவன் நின்றான், இரண்டு தடவை தட்டினான், போக்குக் காட்டினான், போட்டான். பதினெட்டாயிரம் பேர் மேசையைப் பார்த்து "அசிஸ்ட்!" என்று கத்தினார்கள்.

"இல்லை," என்றாள் லொரேட்டா.

"மிஸ் லோரி..."

"இல்லன்னா இல்ல, கிளிஃப். தட்டு."

ஆட்டம் முடிந்து பாப்கார்ன் டப்பா ஒன்று அவள் தோளில் வந்து விழுந்தது. கழுத்தில் துண்டோடு எமரி மேசையைக் கடந்து போனான். நின்றான்.

"சரியாத்தான் சொன்னீங்க மேடம். அவன் ரெண்டு தட்டு தட்டிட்டான். ஹேப்பி ஈஸ்டர்."

அவள் தலையசைத்தாள். வீடு போகும்வரை நெஞ்சு நிறைந்திருந்தது. மறுநாள் விடியலில் மட்டும், கூரையில் மற்றக் கோடுகளெல்லாம் வந்தன, மூன்றாவது கால்பகுதியில் ஒன்று வரவில்லை. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, லொரேட்டா வீட்டார் போன்ற போலிஷ்காரர்களுக்கு டிங்கஸ் பண்டிகை. ஆண்கள் பெண்கள் மேல் தண்ணீர் அடிப்பார்கள், பெண்கள் வில்லோ மரக் கிளையால் அவர்கள் காலில் விளாசுவார்கள், போல்கா இசையில் நாற்காலிகூட ஆடும். மூன்று மணிக்கு ஸ்டான் கடையில் கால் வைக்க இடமில்லை. லொரேட்டா நுழைந்ததும் ஒருவன், "வழி விடுங்கப்பா, இருபது லட்சத்த முழுங்கிட்டு வர்றா!" என்றான். ஆனால் இன்னொருவன் அவளுக்கு பீர் வாங்கித் தந்தான். அவள் பெயர் அவளிடமே இருந்தது.

ஸ்டான் மேசைமேல் ஏறி நின்று தண்ணீர்த் துப்பாக்கியைக் குறி பார்த்து அழுத்தினான். எல்லோரும் தண்ணீர் போன பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். லொரேட்டா திரும்பவில்லை. நீட்டியபடியே நின்ற ஸ்டானின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு நனைஞ்சது?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"தெரியல," என்றாள் லொரேட்டா. சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. நேற்று அவள் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. தெரியல. அதைச் சொல்லாமல், பன்னிரண்டு என்று அவள் ஊகித்திருந்தாள்.

பின்கட்டில், பீர் பீப்பாய்களுக்கு நடுவில் நின்று கிளிஃப்டனுக்கு போன் போட்டாள். அவன் அரங்கத்து வீடியோப் பதிவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கூப்பிட்டான்.

"எமரிதான். பன்னிரண்டு பந்தத் தொடவே இல்ல." குரலைத் தாழ்த்தினான். "மிஸ் லோரி, இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் சங்கத்துல திருத்தம் எடுத்துப்பாங்க. நாம வாயத் திறக்கலன்னா யாரும் தேடிப் பாக்கப்போறதில்ல."

"அது எனக்கும் தெரியும்."

"சொன்னா ஊரு என்ன சொல்லும்னு தெரியுமா? நேத்து மாட்டேன்னா, இன்னிக்குக் காசு வாங்கிட்டு மாத்திட்டாம்பாங்க."

"அதுவும் தெரியும்."

"அப்ப நடுவர் குறுக்க நின்னுட்டார்னு சொல்லுங்க. ஒரு வார்த்தைதான. நாற்காலியாவது மிஞ்சும்."

அவள் போனை வைத்தாள். வெளியே அக்கார்டியன் அலறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. நாற்காலிக்காக வந்த அழுகைதான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. முகத்தை மேசைத்துணியில் துடைத்துக்கொண்டு நியூயார்க்கில் இருக்கும் கூடைப்பந்துச் சங்க அலுவலகத்தை அழைத்தாள். பேசியவன் சின்ன வயதுக்காரன், மரியாதையானவன்.

"உங்க பார்வைய யாராவது மறைச்சாங்களா, மேடம்?"

"இல்ல தம்பி."

"பின்ன எப்படி விட்டீங்க?"

"பந்து போனப்புறமும் நான் அவரையே பாத்துட்டிருந்தேன்."

அந்தப் பக்கம் எழுதுவதை நிறுத்தியது கேட்டது.

"ஏன்?"

"பாக்கணும்போல இருந்துச்சு," என்றாள் லொரேட்டா.

நாலே முக்காலுக்குத் திருத்தம் வந்தது. எமரிக்கு ஒன்பது. கிளிஃப்டன் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. வானொலியில் ஒருவன் அவள் லஞ்சக் காசில் புதுச் சமையலறை கட்டப்போவதாகவே சொன்னான். தபால் நிலையத்தில் கூட வேலை செய்தவர்கள் பேச்சைக் குறைத்தார்கள். வீடியோவைப் போட்டுக் காட்டினாலும் ஊர் நம்புவதாக இல்லை. ஸ்டான் மட்டும் கடையில் யாராவது வாயைத் திறந்தால் துண்டால் அடித்து விரட்டினான். அவளிடம் தனியாகக் கேட்டான்:

"அந்தக் களவாணிப் பயலுக்காகவா உன் பேரக் கெடுத்துகிட்ட?"

"அவருக்காக இல்ல. அது அவரோடது. அவ்வளவுதான்."

ஆகஸ்டில் அணியிலிருந்து கடிதம் வந்தது. இருபத்தாறு வருடச் சேவைக்கு நன்றி, நாற்காலிக்கு வேறு ஆள் ஏற்பாடாகிவிட்டது, அன்பளிப்பாகப் புதுப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட். கடிதம் பிரிப்பவளுக்கு உறையைத் தொட்டதுமே உள்ளே என்ன என்று தெரிந்துவிட்டது. இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

போவதில்லை என்றுதான் இருந்தாள். அக்டோபர் கடைசியில் ஓட்ஸ் மணத்த ஒரு காலையில், அரைத்தூக்கத்தில், கூரையில் கோடு எதுவும் வரவில்லை. இரண்டு கைகள் வந்தன, விரல் விரித்தபடி. எழுந்து மேலங்கியையும் டிக்கெட்டையும் தேடி எடுத்தாள்.

மேல் அடுக்கில், தூண் பக்கத்தில் இருக்கை. பக்கத்தில் மடியில் பெட்டி நிறைய வறுத்த கோழி இறக்கை வைத்திருந்த ஒரு பருமனான மனிதர். கீழே மேசையில் கிளிஃப்டனின் தலை கடுகுபோல் தெரிந்தது. எமரி பந்தோடு வந்தான். ஒரு காலை லேசாக இழுத்தான்.

"காலப் பாருங்க," என்றார் அந்த மனிதர். "இவனுக்கு இருபத்தொரு கோடியாம். நீங்களே சொல்லுங்க மேடம், தகுமா?"

லொரேட்டா முதலில் கீழே மேசையைப் பார்த்தாள். பழக்கம். பிறகு முன்னால் சாய்ந்து, "பந்தப் பாக்காதீங்க," என்றாள்.

"என்னது?"

"அது போகும், போகட்டும். அவர் கையையே பாருங்க. இப்ப."

அந்த மனிதர் இறக்கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். எமரி எங்கேயோ பார்த்தான். பந்து போயிற்று. கைகள் நின்றன. ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம். அவ்வளவு உயரத்திலிருந்தும் தெரிந்தது.

அரங்கம் எழுந்து நின்று அலறியது. இவர்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரு போட்டது?" என்றார் அவர், மெதுவாக.

"தெரியல," என்றாள் லொரேட்டா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் இறக்கைப் பெட்டியை அவள் பக்கம் நீட்டினார், ஒன்று எடுத்துக்கொண்டாள்.