மூன்றாம் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. கிணத்துக்கடவில் அம்மா வீட்டில் இருந்தபோது எனக்கு அம்மை போட்டது. ஐந்து வயது மகளைத் தள்ளிப் படுக்க வைத்தும் பயனில்லை, அவளுக்கும் வந்துவிட்டது. வாசலில் வேப்பிலை, அடுப்படியில் தாளிப்பு கிடையாது, ஊசி மருந்துப் பேச்சே கிடையாது. கொப்புளம் காய்ந்தபின் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, இடையில் நாள் விட்டு, மூன்று முறை தலைக்கு ஊற்ற வேண்டும். எனக்கு இரண்டு ஆயிற்று. அதற்குள் கோவையில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் கணக்கு டீச்சர். எதற்கும் காத்திருக்கத் தெரியாத பிறவி வேறு. மூன்றாம் தண்ணீருக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன். மகள் என் அம்மாவிடமே இருந்து, மூன்று தண்ணீரும் ஊற்றிக்கொண்டு பிறகு வந்தாள்.

ஆடி பிறந்ததும் என் விரல்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கை மடங்காது. பேஸ்ட் மூடியைத் திருக முடியாது. வகுப்பில் சாக்பீஸ் நழுவி விழும், பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் இளகும், விடிந்தால் பழைய கதைதான். படுக்கையிலேயே விரல்களை மடக்கி நீட்டிப் பார்ப்பேன். எழுந்து வெந்நீர் வைத்துக் கையை முக்குவேன், எடுத்து உதறுவேன், உதறிக்கொண்டே வீட்டுக்குள் நடப்பேன். உட்கார்ந்தால் பயம் வந்துவிடும்.

பார்க்க வந்த அம்மா, கையைத் தொட்டவுடனே காரணம் சொல்லிவிட்டார்.

"மூணாந்தண்ணி ஊத்திக்காம பஸ்ஸேறிப் போட்டியே கண்ணு. மாரியாத்தா சும்மா உடுவாளா? இப்பவாச்சும் ஊட்டுக்கு வந்து ஊத்திக்க."

"சும்மா இருங்கம்மா. தண்ணிக்கும் மூட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று எரிந்து விழுந்தேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார். நோயோடு சண்டை போட வேண்டிய உடம்பின் சக்தி, ஆள் தெரியாமல் என் மூட்டுகளையே அடித்துக்கொண்டிருக்கிறதாம். அம்மையில்தான் ஆரம்பித்ததா என்று கேட்டேன்.

"இருக்கலாமுங்க டீச்சர். அந்த வைரஸ் கெளப்பி உட்டிருக்கலாம். அதில்லாமயும் வந்திருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாதுங்க."

இந்த 'இருக்கலாம்' எனக்கு ஆகவே ஆகாது. விடை என்றால் ஒன்றுதான் இருக்க வேண்டும். எனக்காகக்கூட அதைக் கேட்கவில்லை. அதே அம்மை என்னிடமிருந்து என் மகளுக்கும் போயிருந்ததே!

"அப்ப என் பொண்ணுக்கு?"

"அம்மை வந்தவங்களுக்கெல்லாம் இது வராதுங்க. பயப்படாதீங்க."

பயப்படாமல் இருப்பதாவது! அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் கையில் எண்ணெய் பாட்டிலைக் கொடுத்துத் திறக்கச் சொல்வேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திறப்பாள். தூங்கும்போதும் விரல்களைத் தடவிப் பார்ப்பேன். அவளுக்கு மூன்று தண்ணீரும் ஊற்றியாயிற்று என்ற நினைப்பு ஒருநாள் தானாக வந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

மாத்திரையில் என் வீக்கம் லேசாக வடிய ஆரம்பித்திருந்தது. ஒருநாள் காலை வெந்நீர்ப் பாத்திரத்தோடு திரும்பினால், மகள் படுக்கையில் உட்கார்ந்து விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கையை உதறினாள்.

பாத்திரத்தைத் தரையில் வைத்ததில் பாதித் தண்ணீர் கொட்டிப்போனது.

"என்ன சாமி, கை வலிக்குதா?"

"ஆமாங்கம்மா."

ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை. எங்கே வலிக்கிறது, தொட்டுக் காட்டு என்று அதட்டினேன். அவள் தன் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நெசமா வலிக்கலீங்கம்மா. ஆனா எந்திரிச்சா எல்லாருக்கும் வலிக்கோணுமில்லீங்க?"

ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவள் இறங்கி வந்து, நான் செய்வதுபோலவே, என் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டாள்.