மேற்கே போகாத மோட்டார்

ஸ்ரீவைகுண்டம் ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா சிவசண்முகம் பிள்ளை பஞ்சாங்கத்தைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். ராகுகாலம், எமகண்டம் ஊரே பார்ப்பதுதான். மனுஷர் அதற்கு மேலே சூலம் பார்ப்பார். திங்களும் சனியும் கிழக்கே புறப்படக்கூடாது, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே கூடாது என்று ஒரு கணக்கு உண்டல்லவா, அதை ஒரு நாளும் மீறியதில்லை. அவசரம் என்றால் மற்றவர்கள் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தப் பரிகாரமெல்லாம் சோம்பேறிகளுக்கு என்பார் பிள்ளை.

அப்படிப்பட்டவர் முதல் உலகச் சண்டைக் காலத்தில், சாமான் விலையெல்லாம் ஆகாசத்துக்கு ஏறிக் கிடக்கையில், மோட்டார் வாங்கினார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும். ஆனால் பவுசுக்காக வாங்கவில்லை. அவர் சம்சாரம் உலகம்மாள் ஆற்றுப்படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவள். நடமாடுவாள், சமைப்பாள். மாட்டுவண்டியில் மட்டும் ஏற முடியாது. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால் உயிர் போய் உயிர் வரும். ஸ்ரீவைகுண்டத்துக்கோ ரயில் கிடையாது. விக்கிரமசிங்கபுரத்தில் அவளுடைய அண்ணன் பூதலிங்கம் பாயும் படுக்கையுமாகக் கிடந்தார். தகப்பனில்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்தவர். "உலகுவை ஒருக்கா கூட்டிட்டு வாங்க, ரெண்டு வார்த்தை பேசணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

டோலி வைக்கலாம் என்று பிள்ளை சொன்னார். அவள் ஒப்பவில்லை.

"உசுரோட இருக்கையில நாலு பேர் தோள்ல ஏறிப் போவமாட்டேன். வேற வழி இருந்தா பாருங்க."

வேறு வழி பாளையங்கோட்டையில் இருந்தது. செத்துப்போன ஒரு பெரிய வியாபாரியின் மூடு மோட்டார். கண்ணாடி ஜன்னல், பித்தளை விளக்கு, உள்ளே சுருள் வில்லு வைத்துத் தைத்த தோல் மெத்தை. வாங்கிய காலத்தில் ஒரு கிராமத்தின் விலையாம். இப்போது பழசு. வாரிசுகள் வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொன்னதாகத் தரகர் தாணுமாலையன் சொன்னார். பிள்ளை ஆற்றோரத்து வாழைத்தோட்டத்தை விற்றுவிட்டுப் போய் நின்றார். வாங்குவதற்கு அவர் குறித்த நாள் வெள்ளிக்கிழமை, நல்ல முகூர்த்தம். முந்தின நாளே வந்து தங்கிவிட்டார்.

மெத்தையில் உட்கார்ந்து ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். உலகம்மாளின் முதுகை நினைத்துக்கொண்டார். அந்த இடத்திலேயே மனசு விழுந்துவிட்டது. வியாபாரியின் பங்களா வாசலிலிருந்து கிழக்கே ரோடு இறக்கம், மேற்கே மேடு. தாணுமாலையன் நியாயமாகத்தான் கேட்டார்.

"அந்த மேட்டுப் பக்கம் ஒருக்கா ஏத்திப் பாத்துருவமா அண்ணாச்சி?"

"என்னவே பேசுதீரு? வெள்ளிக்கெழமை மேக்க சூலம். புது வண்டியை முதமுதல்ல அங்கனயா ஓட்டச் சொல்லுதீரு? கிழக்க விடும்."

கிழக்கே விட்டார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பிள்ளை பணத்தை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். டிரைவர் ஷேக் மைதீனையும் சேர்த்து அமர்த்திக்கொண்டு, கிழக்கே ஓடும் ஆற்றை ஒட்டியே ஸ்ரீவைகுண்டம் வரை ராஜாவாக வந்து இறங்கினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உலகம்மாள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். தெருவைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்கள். வலிக்கவே இல்லை என்று சொல்லி அழுதாள்.

திங்கட்கிழமை விடியலில் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அணைக்கட்டைத் தாண்டி, கருங்குளம் வரை ஒரு குறையுமில்லை. அதற்கப்புறம் ரோடு கொஞ்சம் மேடேறும். மேடு என்றால் மலை இல்லை. நெல் மூட்டை ஏற்றிய மாடு மூச்சு வாங்காமல் ஏறிப்போகும். அந்த மேட்டில் பாதி வரை மோட்டார் இருமிக்கொண்டு ஏறியது. பிறகு நின்றது. பிறகு, பின்னாலே பைய உருண்டு இறங்கியது. ஷேக் மைதீன் மூன்று தரம் ஏற்றிப் பார்த்தான். மூன்று தரமும் அதே கதைதான். வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் என்னமாய் ஓடியது சனியன்.

"எஞ்சினுக்குள்ள வலு இல்ல மொதலாளி" என்றான் ஷேக் மைதீன். "இது ஆத்தோட போவும். ஆத்துக்கு எதுக்க போவாது."

தூத்துக்குடியிலிருந்து மெக்கானிக் வந்தான். எஞ்சினைப் பிரித்துப் பாய் விரித்துக் கடை பரப்பினான். தேய்ந்துபோன உறுப்புகள் சீமையிலிருந்து வரவேண்டும், சண்டை முடிந்து கப்பல் வந்தால்தான் உண்டு என்று சொல்லி, மறுபடி பூட்டிவிட்டுப் போனான். பிள்ளை தாணுமாலையனைத் தேடிப் போய்க் கத்தினார். அந்த மனுஷன் பதற்றப்படவே இல்லை.

"நான் ஏத்திப் பாக்கச் சொன்னனே அண்ணாச்சி. நீருதான சூலம்னு சொன்னீரு."

பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு ஆபீசில் எவனாவது மோட்டார் என்று வாயெடுத்தால் விழுந்து பிடுங்குவார். வீட்டிலே சோறு கொதித்தாலும் குற்றம், ஆறினாலும் குற்றம். இன்னொருவனை வரவழைத்தார், பிறகு இன்னொருவனை. அவர்கள் தட்டிக் கொட்டி எழுப்பும்போதெல்லாம் மோட்டார் தெருவில் ஜம்மென்று ஓடும். கருங்குளத்து மேட்டில் போய் நிற்கும். மோட்டார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உலகம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

வாழை குலை தள்ளும் காலம் வந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டு ஆள் சொரிமுத்து வந்து நின்றான்.

"அய்யாவுக்குப் பேச்சு நின்னுட்டும்மா. கண்ணு மட்டும் தொறந்திருக்கு."

நாளைக்கு மேற்கே சூலம், சனிக்கிழமை விடிந்ததும் போகலாம் என்றார் பிள்ளை. உலகம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெள்ளிக்கிழமை காலை அவர் குளித்துவிட்டு வரும்போது, மாற்றுச் சேலை மூட்டையோடு அவள் மோட்டாருக்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் வெல்லம் முடிந்திருந்தது. பிள்ளை அன்றைக்குத்தான் வாழ்நாளில் முதல் தடவையாகச் சூலத்துக்கு எதிரே புறப்பட்டார். கடவுளே, இன்றைக்கு மட்டும் ஏறிவிடட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டார்.

ஏறவில்லை. அதே மேடு, அதே பாதி. ஷேக் மைதீன் இறங்கிக் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். பிள்ளை வெளியே வந்து, பித்தளை விளக்கை ஓங்கி உதைத்தார். கால்தான் வீங்கியது.

பின்னால் ஊர்க்காரன் முப்பிடாதியின் மாட்டுவண்டி, வாழையிலைக் கட்டுகளோடு பாளையங்கோட்டைச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. உலகம்மாள் அதைக் கைகாட்டி நிறுத்தினாள். திருநெல்வேலி ரயிலடியில் விட்டால் அண்ணன் ஊருக்குப் பக்கத்து அம்பாசமுத்திரம் வரை ரயிலில் போய்விடலாம் என்றாள்.

"வண்டி குலுக்குமே தாயி" என்றான் முப்பிடாதி.

"குலுக்கட்டும். செத்தா போயிருவேன்?"

பிள்ளை அவளைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, கதவைத் திறந்து பின் மெத்தையைப் பிடித்து இழுத்தார். ஷேக் மைதீன் ஆணியை நெம்பிக் கொடுத்தான். வில்லு மெத்தை முழுசாகக் கழன்று வந்தது. இலைக் கட்டுகளை முன்னால் தள்ளிவிட்டு, அதை வண்டியில் கிடத்தினார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. உலகம்மாளைப் பைய ஏற்றிப் படுக்க வைத்தார்கள்.

வண்டி மேட்டில் ஏறியது. பள்ளம் வந்தது. சக்கரம் இறங்கி ஏறியது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். சத்தமில்லை. அடுத்த பள்ளத்திலும் சத்தமில்லை. மாடுகள் மேட்டைத் தாண்டி மேற்கே நடந்தன. வண்டிக்குப் பின்னால் காலை இழுத்துக்கொண்டு அவரும் நடந்தார்.

உலகம்மாள் மடியை அவிழ்த்து, வெல்லத்தில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள்.

"வலிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு மெத்தையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இத மட்டும் அன்னைக்கே கழட்டி ஒரு மாட்டுவண்டியில போட்டிருந்தா, அண்ணன் பேசுதப்பவே போயிருப்பேன்."