ஆடியில் குடிவைத்த தாயம்மா

ஒன்றாம் தேதி காலையில் தாயம்மா வாடகை கேட்பதில்லை, சுவரைத் தட்டுகிறாள். மூன்று வீடுகளில் குடியிருப்பவர்களும் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பார்கள். அவள் பாட்டுக்கு உள்ளே நுழைந்து, நடுவிரலை மடக்கி, மூலைக்கு மூலை தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். சத்தம் பொள்ளலாக வந்தால் அன்று மாலைக்குள் அந்த இடத்தைக் கொத்திப் புதுச் சாந்து பூசிவிடுவாள். அதற்குப் பிறகுதான் கை நீளும். "நான் குடுக்க வேண்டியத குடுத்துட்டேன் நைனா. இப்ப நீ குடு."

நெமிலிச்சேரியில் எட்டு சென்ட் நிலமும் அதில் மூன்று ஓட்டு வீடுகளும் அவளுக்குச் சொந்தம். அவள் படுப்பது பின்னால் உள்ள ஓலைக் குடிசையில். மழை வந்தால் ஒழுகும். கேட்டால் ஒரு முறைப்பு முறைப்பாள். "வாடகை குடுக்கறவன் நனையலாமா? நான் எனக்கு வாடகை குடுக்கறதில்லையே!"

ஆவடியில் பட்டாளத்து டிப்போ கட்டியபோது ஒன்றரை வருஷம் சித்தாளாகக் கல் சுமந்தவள். சுண்ணாம்பைத் தொட்டு நாக்கில் வைத்தே நீற்றினது போதுமா என்று சொல்வாள். நீளம் அகலம் எல்லாம் அவளுடைய பாதக் கணக்குதான். கொத்தனார் முழக்கோலை நீட்டினால் அவருக்குத்தான் திட்டு விழும்.

கட்டடம் எழும்ப எழும்ப அவள் வேறொன்றையும் கவனித்தாள். வேலைக்கு வந்தவர்கள் ஸ்டேஷனிலும் மரத்தடியிலும் பெண்டு பிள்ளைகளோடு படுத்துக் கிடந்தார்கள். தாய் வழியில் வந்த நிலமோ முள் மண்டிக் கிடந்தது. சூளையில் கழித்துப்போட்ட அரைக்கல்லை மலிவாக வாங்கிச் சேர்க்கத் தொடங்கினாள். ஊர் சிரித்தது.

கல் சேர்ந்தது; கொத்துக்கூலிக்கும் மரத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. கடன் கொடுக்கும் சங்கம் ஒன்றில் போய்க் கேட்டாள். புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார் குமாஸ்தா. அவன் ரங்கூனுக்குப் போனவன். யுத்தம் வந்தபின் கடிதம் இல்லை. "அவரு ரங்கூன்ல கீறாரு. ஜப்பான்காரங்கிட்ட சொல்லி வாங்கியாறட்டா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். போனவன் போனவன்தான், பொட்டை அழி என்று சொன்ன உறவுக்காரிக்கும் பதில் கிடைத்தது. "நீ போயிப் பாத்துகினு வந்தியா?" மறுநாளிலிருந்து பொட்டு இன்னும் பெரிதாயிற்று.

கடைசியில் பணம் கொடுத்தவர் பரந்தாமன். ஊரில் பாதி நிலம் அவருடையது. மீதிப் பாதிமேல் அவருக்குக் கண். சித்திரையில் பத்திரம் எழுதினார். முதலுக்கு மூன்று வருஷத் தவணை. ஆனால் முதல் வட்டி மட்டும் ஆடி கடைசிக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் நிலம் அவருக்கு. ஆனியில் ஓடு போட்டுவிடலாம், குடிவைத்து வாடகையில் கட்டிவிடலாம் என்று தாயம்மா கைநாட்டு வைத்தாள். கல்லை எண்ணியவள், சுண்ணாம்பை அளந்தவள், பஞ்சாங்கத்தை மறந்துவிட்டாள். ஆடி மாசத்தில் யார் வீடு மாறுவார்கள்?

வருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்த மூவரும் ஆவணி பிறக்கட்டும் என்றார்கள். அவள் சேர்த்து வைத்த கூலியெல்லாம் ஓட்டுக்குப் போய்விட்டது. மூன்று வீடுகளும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எட்டு சென்ட் பறக்காதா என்று பரந்தாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். தினம் ஒருமுறை அந்தப் பக்கமாக நடந்து போவார்.

தாயம்மா இரண்டு நாள் சோறு உண்ணவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலுக்குப் போய்விட்டு வரும் வேதக்காரர்களைப் பாதையில் பார்த்ததும் அவளுக்கு எதுவோ உறைத்தது. பெரம்பூரிலிருந்து மாற்றலாகி வந்த ரயில்வே பிட்டர் ஜேசுராஜ், ஆவடி கூட்ஸ் ஷெட் பக்கம் சாக்குத் தடுப்பு கட்டி மனைவி ஜெயகுமாரியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தான். நேரே அங்கே போய் நின்றாள்.

"உங்களுக்கு ஆடி மாசம் உண்டா?"

"மாசம் உண்டுக்கா. சம்பளமும் உண்டு. தலைக்கு மேல ஓடுதான் இல்ல" என்றான் ஜேசுராஜ்.

மறுநாளே அவன் குடிவந்தான். கூட வேலை செய்யும் இரண்டு பேரையும் குடும்பத்தோடு அழைத்துவந்தான். ஆளுக்கு ஒரு மாத அட்வான்ஸ். ஊர் கொதித்தது. சொந்தத் தம்பி கோதண்டமே வந்து கத்தினான். "வேதக்காரங்கள உள்ள உட்டியே, இனிமே நம்ம ஜனம் எவனாச்சும் உன் ஊட்டுக்குக் குடி வருவானாக்கா?"

"நம்ம ஜனம் ஆவணியில வரும்டா. வட்டி ஆடியிலயே வந்துகினு கீதே!"

தெருக்கிணற்றில் அவர்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்கள். பதினைந்து நாள் தாயம்மாவே இறைத்துவந்து மூன்று வாசலிலும் குடம் வைத்தாள். பதினாறாம் நாள் ஜெயகுமாரியைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துச் சுற்றிலும் பார்த்தாள். ஜெயகுமாரி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போதே வட்டி பரந்தாமன் வீட்டுக்குப் போய்விட்டது. பணத்தை வைத்துவிட்டு அவள் நகரவில்லை. "பத்திரத்துக்குப் பின்னால வரவு வெச்சிக் கையெழுத்து போடுங்க. நான் நின்னுகினே கீறேன்." போட்டார். அதற்குப் பிறகு மாதம் தவறியதில்லை.

இப்போது மார்கழி. சென்ற வாரம் பரந்தாமனே தேடிவந்தார். முகத்தில் சிரிப்பு.

"தாயம்மா, என் மருமவனுக்கு டிப்போவுல குமாஸ்தா வேல கெடச்சிருக்கு. அந்த நடு ஊட்டக் காலி பண்ணி வையி. தை பொறந்ததும் வந்துருவான். நம்ம ஜனம் இருக்கசொல்ல வேதக்காரனுக்கு இன்னா ஊடு?"

நடு வீடு ஜேசுராஜுடையது. வாசலில் குழந்தையோடு நின்ற ஜெயகுமாரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆடியில நம்ம ஜனம் எங்க போயிருந்திச்சி அண்ணாத்தே?"

பரந்தாமன் சிரிப்பை மடித்து வைத்தார். "என் துட்டுல கட்டின ஊடு. மொதல ஒரே மூச்சுல கேட்டேன்னா எங்க போவ?"

"மூணு வருசம்னு எழுதினது நீங்கதான். எனக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பொண்ணுதான் பத்திரத்து நகல எழுத்து உடாம படிச்சிச் சொல்லிச்சி."

தாயம்மாவுக்கும் பயம் உண்டு. இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இந்த மனிதனின் முகத்தில்தானே விழிக்க வேண்டும்! ஆனாலும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உங்க மருமவனுக்கு ஊடுதான வோணும்? கட்டித் தரேன். இவங்களுக்கு இன்னா வாடகையோ அதான் அவருக்கும். ஒரு மாசம் அட்வான்சு. சொவர நான் தட்டிப் பாக்க வருவேன், சொல்லி வையுங்க."

"மார்கழியில எவனாச்சும் ஊட்டுக் கடக்காலுக்கு நூல் புடிப்பானாடி?" என்று பரந்தாமன் பெரிதாகச் சிரித்தார்.

அவள் குடிசைக்குள் போய் நூல் கண்டும் முளைக்குச்சிகளும் கடப்பாரையும் எடுத்துவந்தாள். மூன்றாம் வீட்டை ஒட்டிய வெற்றிடத்தில் நூலின் முனையை அவரிடம் நீட்டினாள். சிரித்துக்கொண்டிருந்த மனிதர் யோசிக்காமல் வாங்கிவிட்டார். தாயம்மா நூலைப் பிரித்துவிட்டுக்கொண்டே, பாதத்தை ஒட்டிப் பாதம் வைத்துப் பதினான்கு அடி நடந்தாள்.

"தொங்குது பாருங்க. இழுத்துப் புடிங்க அண்ணாத்தே" என்று திரும்பிப் பாராமலே சொல்லிவிட்டு, குனிந்து, முதல் குத்துக் குத்தினாள்.