பொதுக் கோப்பில் ஒரு வரி

இடக்கண் முன்பே போயிற்று. வலக்கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி கெடத் தொடங்கிவிட்டது என்று திருச்சியில் மருத்துவர் சொன்னபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என் கணினியில் பாதியில் நின்ற ஒரு வேலை. பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"ஊசி போட்டா மெதுவா போவும், ஐயா. நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் மருத்துவர்.

"படிக்கலாமா?" என்று கேட்டேன்.

"படிக்கிறதால கெடாது. முடியிற வரைக்கும் படிங்க."

பெரம்பலூருக்குத் திரும்பும் பேருந்தில், பாடாலூர் தாண்டும்வரை அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "படிச்சா கெடாதாம். அவரு கண்ணா அது?"

என் வேலை எது என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் மின்பராமரிப்புப் பிரிவில் பணியாற்றினேன். கட்டுப்பாட்டு அறையின் பழைய பலகைகளை எடுத்துவிட்டுக் கணினிகளை வைத்தபோது, நாற்பது வயதுக்குமேல், புத்தகங்களை வாங்கி நிரல் எழுதக் கற்றேன். ஓய்வுபெற்றபின் கெர்னல் எனப்படும் இயங்குதள உட்கருவில் என் மனம் பதிந்தது. உலகெங்கும் பல்லாயிரம் பேர் கூடி எழுதும் நிரல் அது. திருத்தம் சரியாக இருந்தால் மின்னஞ்சலில் அனுப்பலாம். என்ன படித்தவன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்த நிரலில் பல கோப்புகள் பொதுவானவை. மற்றக் கோப்புகள் தமக்கு வேண்டிய பெயர்களையும் விவரங்களையும் அவற்றிலிருந்து பெற்றுக்கொள்ளும். ஒரு பொதுக் கோப்பு இன்னொன்றை அழைக்கும். அது வேறொன்றை அழைக்கும். முதல் வீட்டு மீட்டரிலிருந்து இரண்டாம் வீட்டுக்கும், அங்கிருந்து மூன்றாம் வீட்டுக்கும் ஒயர் இழுத்த தெருவைப் போன்றது இந்த நிலை. கடைசி வீட்டுக்காரர் தம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையே அறியமாட்டார். முதல் வீட்டில் ஒயரைக் கழற்றினால் தெரு இருண்டுபோகும். ஆகையால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்புக் கொடுத்து முடித்த பின்னரே பழைய ஒயரைக் கழற்ற வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட பொதுக் கோப்பில் அப்படி ஒரு வரி இருந்தது. அக்கோப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் எங்கெங்கோ உள்ள கோப்புகள் தம்மை அறியாமல் அதை நம்பியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, இறுதித் திருத்தத்தில் அந்த ஒற்றை வரியை நீக்குவது என்பதே என் திட்டம். பார்வை இருக்கும்போதே அதை முடித்துவிட விரும்பினேன்.

பிழை இருந்தால் கணினியே காட்டிவிடாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் காட்டிவிடும். ஆனால் சில இடங்களில், 'இன்ன பெயர் இருந்தால் இதைச் செய்க' என்று எழுதியிருப்பார்கள். பெயரைக் கொண்டுவரும் வரியை நீக்கிவிட்டால், பெயர் இல்லையென்று கொண்டு கணினி அப்பகுதியைச் சத்தமின்றி விட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. என்றோ ஒருநாள் யாருடைய இயந்திரமோ நின்றுபோகும். இதற்கு மனிதக் கண்தான் வேண்டும்.

கோடை முடிவதற்குள் எழுத்தின் நடுவில் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டது. மனைவியை நேராகப் பார்த்தால் காதுத் தோடு தெரியும், மூக்குத்தி தெரியாது. திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளை முயன்றேன். அது குறியீடுகளை விழுங்கிவிட்டு விரைந்து ஓடியது. நான் திரையில் மூக்கை உரசிக்கொண்டு கழுத்தைச் சாய்த்துப் படிப்பதைச் சில நாள் பொறுத்திருந்தவள், ஒருநாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க. நான் படிக்கிறேன்."

"இது இங்கிலீஷுடி."

"அரும்பாவூர்ல எட்டாவது வரைக்கும் படிச்சவதான் நானு. ஏபிசிடி எல்லாம் மாறியா போச்சு?"

பொருள் அறியாமல் எழுத்தெழுத்தாகப் படித்தாள். வரியின் தொடக்கத்தில் வரும் # குறியை, மூங்கில் தட்டி போலிருந்ததால், 'படல்' என்றாள். நீக்கிய வரிக்குக் கழித்தல் குறியும் சேர்த்த வரிக்குக் கூட்டல் குறியும் இருக்கும். அவற்றை 'போனது', 'வந்தது' என்றாள். நீக்கப்பட வேண்டிய அந்த வரியை நாளடைவில் மனப்பாடமாகவே ஒப்பித்தாள்.

"நாப்பது வருஷமா நான் பேசுன ஒரு பேச்ச கேட்டிருப்பீங்களா? இப்ப எழுத்தெழுத்தா கேக்குறீங்க பாருங்க!"

"நீ முன்னாடி இவ்வளவு தெளிவா பேசுனதில்ல."

"ஆமா, ஒங்க படலும் புள்ளியும் ரொம்பத் தெளிவு. ஒக்காருங்க, அடுத்தது."

இந்த நினைவுகளையும் நான் சொல்ல அவளே எழுதுகிறாள். அவளுடைய முணுமுணுப்பைப் பற்றி நான் சொன்ன ஒரு வாக்கியத்தை எழுத மறுத்துவிட்டாள்.

மழைக்காலத்தில் எல்லாத் திருத்தங்களும் முடிந்தன. அனுப்பினோம். வரும் திருத்தங்களை ஏற்பதா என்று முடிவுசெய்யும் அப்பகுதியின் பராமரிப்பாளர் வெளிநாட்டில் இருப்பவர்; முன்பு என் சிறு திருத்தங்களை ஏற்றவர். பதிலுக்குக் காத்திருந்த வாரங்களில் ஊசிக்கு ஒருமுறை திருச்சி போய்வந்தோம். மருத்துவர் திரையில் காட்டிய பெரிய எழுத்தின் மேல்முனை மட்டும் எனக்குத் தெரிந்தது.

பதில் ஒரு முற்பகலில் வந்தது.

"தேங்க்ஸ்னு மொதல்லயே போட்டுருக்காருங்க!" என்றாள் அவள். குரலில் அத்தனை மகிழ்ச்சி. தெரிந்த சொற்களை முழுதாகவும், தெரியாதவற்றை எழுத்தெழுத்தாகவும் படித்தாள். வேலை சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அடுத்த வாக்கியத்துக்கு வந்தாள்.

"என், ஓ. அப்பறம் எல், ஓ, என், ஜி, ஈ, ஆர். அப்பறம் ஏ, ரெண்டு பி, எல், ஒய்."

'இனிப் பொருந்தாது' என்று பொருள். அவள் அதே உற்சாகத்தோடு மேலும் படித்துக்கொண்டே போனாள், நான் தடுக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் வேறொரு குழுவினர் அந்தப் பொதுக் கோப்பையே நான்காகப் பிரித்துவிட்டார்கள். அது ஏற்கப்பட்டும் விட்டது. எங்கள் திருத்தங்கள் பழைய கோப்புக்கு எழுதப்பட்டவை. புதிய அமைப்பின்மேல் அனைத்தையும் மீண்டும் செய்து அனுப்பும்படி பராமரிப்பாளர் பணிவோடு கேட்டிருந்தார்.

"நல்ல சேதிதானே?" என்றாள்.

"மறுபடியும் மொதல்லேருந்து செய்யச் சொல்றாரு."

"எதை?"

"எல்லாத்தையும்."

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"ஒங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு அவருக்குச் சொன்னீங்களா?"

"அது அவருக்கு எதுக்கு?"

"எதுக்கா? தெரிஞ்சிருந்தா கொஞ்சம் முன்னாடி பாத்திருப்பாருல்ல!"

அப்படி ஒரு சலுகையைக் கேட்க என்னால் இயலாது என்றேன். அவள் புதிய கோப்புகளைத் திறந்தாள். மூன்றாவது கோப்பில் நிறுத்தினாள்.

"இந்தா இருக்குங்க, நம்ம வரி."

பிரித்தவர்கள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள்.

"எடுத்துடவா? ஒரு வரிதானே."

"எடுத்தா எதெது நின்னுபோவும்னு பாக்கணும்."

"நான் படிக்கிறேன், நீங்க சொல்லுங்க. முன்ன செய்யலயா?"

படித்தாள். அந்த முற்பகல் முழுவதும் தொண்டை கட்டும்வரை படித்தாள். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. முன்பு அவள் படித்தபோது, நான் ஏற்கெனவே கண்ணால் கண்டிருந்த கோப்புகளை மனத்தில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் எனக்கு இடத்தைச் சுட்டியது, அவ்வளவே. புதிய கோப்புகளை நான் கண்டதேயில்லை. எழுத்துகள் காதில் விழுந்தன, ஒன்றோடொன்று சேரவில்லை. பத்தாவது வரி வரும்போது முதல் வரி என்னிடம் இல்லை.

"போதும்," என்றேன்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன். தொடங்கலாம்."

"வேண்டாம். போதும்."

அவள் எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பதிலைச் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் தட்டினாள். கடிதம் இவ்வளவே: மறுபடி செய்ய என்னால் இயலவில்லை. வேண்டுபவர் எவரும் என் திருத்தங்களை எடுத்துக்கொள்ளலாம். என் பெயர் இருக்கவேண்டியதில்லை.

"காரணம் போடவா?"

"வேண்டாம்."

தட்டியதை எழுத்தெழுத்தாக ஒருமுறை படித்துக்காட்டினாள். பிறகு அனுப்பினாள்.

அதற்கு மறுமொழி வரவில்லை. அவர்மீது எனக்கு வருத்தமும் இல்லை. அந்தக் கடிதத்தில் மறுமொழி கேட்கும் வாக்கியம் எதுவும் இருக்கவில்லை. மாதம் ஒருமுறை அவள் என்னிடம் கேளாமலே அந்த மூன்றாவது கோப்பைத் திறந்து பார்க்கிறாள். "இருக்குங்க," என்கிறாள்.