காதுக்குள் பலகைச் சத்தம்

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் மனைவிக்குக் காது பாதி போய்விட்டது. முகம் பார்த்து உரக்கப் பேசினால் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் கேட்காது. அவள் நெய்கிற தறி முன்னறையில், பாப்பாவின் தூளி பின்னறையில். தறிப் பலகையை இழுத்து அடிக்கிற சத்தம் பக்கத்தில் கேட்டால் குழந்தை திடுக்கிட்டு விழிக்கும் என்று அப்படி வைத்திருந்தோம். பாப்பா அழுதால் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து என் மனைவியின் தோளைத் தட்டுவார். அந்த அக்கா மகளின் பிரசவத்துக்காகக் கூரம் ஊருக்குக் கிளம்பிப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயந்தது நடந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். அவள் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பின்னறையில் பாப்பா பாதி உடம்பு தூளிக்கு வெளியே தொங்க, அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தது.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ரேடியோ ரிப்பேர் கடையில் கையால் கற்றதுதான் என் படிப்பு. பழைய சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மைக்காக மாற்றித் தூளிக்கு மேலே கட்டினேன். அதிலிருந்து ஒயர் இழுத்துத் தறிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் சேர்த்தேன். பெட்டிக்குள் இரண்டு டிரான்சிஸ்டர், டார்ச் லைட்டுக்குப் போடுகிற நாலு பேட்டரி கட்டை. இரண்டில் கொஞ்சம் நன்றாகக் கேட்கும் காதுக்கு ஒரு இயர்போன்; அது அடைத்திருந்தால் தறிச் சத்தம்கூட நேராக அவளுக்குக் கேட்காது.

முதல் நாளே பிடுங்கி வைத்துவிட்டாள். "காதுக்குள்ள யாரோ நெல்லு குத்துற மாதிரி இருக்குதுங்க. பாப்பா அழுவுதா சிரிக்குதான்னே தெரியல."

தறிச் சத்தம் பின்னறை வரை போய், மைக்கில் ஏறி, பெரிதாகித் திரும்பி வந்தது. பலகை அடிப்பது கனத்த ஒலி. குழந்தை அழுவது கீச்சொலி. நடுவில் இருக்கும் கண்டென்சரைச் சின்னதாக்கினால் கனத்தது நின்றுவிடும், கீச்சு மட்டும் தாண்டும். ஆனால் தாண்டும்போது அழுகையும் மெலிந்துவிடுகிறது. அதைத் தூக்கிவிட இன்னொரு டிரான்சிஸ்டர் போட்டேன். மிச்சமிருந்த தட்தட்டும் கூடவே ஏறியது. அதை அடக்க மறுபடி ஒரு வடிகட்டல், மறுபடி கரண்டைக் கூட்டுவது. கடைசியில் டிரான்சிஸ்டரைத் தொட்டால் சுட்டது. ஆனால் பலகை சுத்தமாக அடங்கிப்போய், பாப்பா சிணுங்கினால்கூடத் தெளிவாகக் கேட்டது. அவள் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள்.

எனக்குத்தான் நிம்மதியில்லை. அந்தச் சூடெல்லாம் கட்டையிலிருந்து வருவதுதானே? கடையில் சால்டரிங் வைக்கும்போதெல்லாம் கட்டை தீர்ந்திருக்குமோ என்றே நினைப்பு ஓடும். நடுநடுவே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவேன்.

"இன்னாபா, புது மாப்பிள்ளையா நீ? பொழுதுக்கும் ஊட்டுக்கு ஓடிக்கினு கீறே!" என்பார் கடை முதலாளி.

அப்படி ஓடிய ஒரு நாள், சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும்போதே தெருவுக்குக் கேட்டது பாப்பாவின் வீறல். உள்ளே தறி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. இயர்போன் காதில்தான் இருந்தது.

"பாப்பா நல்லாத் தூங்குதுங்க. ஒரு சத்தம் இல்ல" என்றாள்.

பின்னறைக்கு ஓடினேன். முகம் சிவந்து, மூச்சு விக்கிக் கிடந்த குழந்தையைத் தூக்கிவந்து அவள் மடியில் போட்டேன். அவள் கையிலிருந்த, ஊடை இழை ஓட்டும் நாடா குழிக்குள் விழுந்தது. பெட்டியைத் திறந்தால் கட்டை நாலும் செத்திருந்தன.

"கட்டை போனது உனக்குத் தெரியலையா?" என்று கத்தினேன்.

"எப்படித் தெரியும்? பாப்பா தூங்குனாலும் சத்தமில்ல, பொட்டி செத்தாலும் சத்தமில்ல. மொதல்ல செஞ்சீங்களே, அதுலயாச்சும் பலகை கேட்டுக்கினே இருந்துது. அது நின்னா பொட்டி போச்சுன்னு எழுந்து ஓடியிருப்பேன்." அழுதுகொண்டே சொன்னாள். "எல்லாத்தையும் வடிகட்டிட்டீங்க!"

சத்தத்தை அடக்க அடக்கக் கட்டை தீர்ந்தது. கட்டை தீர்ந்ததைச் சொல்லக்கூடிய சத்தத்தையும் நானே அடக்கியிருந்தேன்.

அன்று கடைக்குத் திரும்பிப் போகவில்லை. மூன்றாவது டிரான்சிஸ்டரைக் கழற்றினேன். கரண்டைக் குறைத்தேன். கண்டென்சரைக் கொஞ்சம் பெரிதாக்கி, பலகை மெதுவாகக் கேட்கும்படி விட்டேன். முதலில் இடித்த மாதிரி இடிக்கக் கூடாது, அடியோடு மறையவும் கூடாது. இந்த அளவு பிடிபட மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பாப்பாவோ அப்போது பார்த்து அழவில்லை. வேறு வழியில்லாமல் தூளிக்குக் கீழே குந்தி நானே "ங்கா ங்கா" என்றேன்.

முன்னறையிலிருந்து குரல் வந்தது: "பாப்பா அழல. அவங்க அப்பாதான் அழுவுறாரு."

அதற்குப் பிறகும் என் பயம் போகவில்லை. அழுகை முன்போலத் தெளிவாக இல்லையே, பலகைக்கு அடியில் அமுங்கிவிட்டால்? அவள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அறுந்த இழையை முடிச்சுப் போடத் தறியை நிறுத்தினால், மறுபடி நெய்யத் தொடங்குமுன் வெறும் பலகையை ஒரு தட்டு தட்டுவாள். காதுக்குள் டொக்கென்றால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது; பலகை ஓய்ந்த அந்த நேரத்தில் பாப்பா அழுதாலும் அமுங்காமல் கேட்கும். பிறகுதான் நாடாவைத் தொடுவாள்.

கட்டை நிறைய நாள் வந்தது. ஆனாலும் தீரத்தானே வேண்டும்? ஒரு மத்தியானம் நான் தெருமுனையில் திரும்பும்போது எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் கேட்கவில்லை. சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு ஓடினேன். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பாப்பா அவள் இடுப்பில் உட்கார்ந்து இயர்போன் ஒயரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மதில்மேல் நாலு கட்டையும் வெயிலில் காய்ந்தன.

"தட்டுனேன், கேக்கல. எழுந்து வந்துட்டேன்" என்றாள். "இன்னா இப்படி இரைக்குது உங்களுக்கு? போயி வேற கட்டை வாங்கினு வாங்க."