நாங்கள் பரம்பரை விவசாயக் குடும்பம்

நெதர்லாந்தில் மண்ணைக் கொத்துவதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுக்கிறார்கள். ஃபோல்க்ஸ்டாய்ன் என்று பெயர். பல் டாக்டர், வங்கி மேனேஜர், ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் எல்லோரும் சனிக்கிழமை காலையில் முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து உருளைக்கிழங்கு தோண்டிவிட்டு முகம் மலர்ந்து வீட்டுக்குப் போகிறார்கள். கள்ளக்குறிச்சியில் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே மண்ணிலிருந்து தப்பிக்கத்தானே பிள்ளைகளை இன்ஜினியரிங் சேர்க்கிறோம்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. குளிர்காலத்தில் தரையே சூடாக இருக்கிறது. பாத்திரத்தை ஒரு மெஷின் கழுவுகிறது, இன்னொன்று தானே ஊர்ந்து போய் வீட்டைக் கூட்டுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் சாய்ந்தால் நெஞ்சு காலியாக இருக்கும். என்னைப் போல் வந்தவர்கள் பலருக்கும் இது தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள். கம்பெனி ஏற்பாடு செய்த ஆலோசகர் அம்மா என்னை ஒரு மணி நேரம் பேசவிட்டுக் கேட்டார். கையால் ஏதாவது செய்யுங்கள், மண்ணில் வேலை செய்தால் மனசு நிறையும் என்றார். தோட்டத் துண்டு கேட்டுப் பெயரைப் பதியப் போன இடத்தில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். கொஞ்சமும் கூசாமல், நாங்கள் பரம்பரை விவசாயக் குடும்பம் என்றேன்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் எங்களுக்கு நெல்லும் கரும்புமாக நிலம் இருக்கிறது. ஆனால் அதில் என் கால் பட்டதெல்லாம் வரப்பில்தான். சேற்றில் இறங்கினால் புண் வரும் என்று அம்மா திட்டுவாள். நட்டது, களை எடுத்தது, அறுத்தது எல்லாம் காலனியிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி செல்வி. எட்டாவது வரை என் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி, அவள் நோட்டைப் பார்த்து நான் எழுதியிருக்கிறேன். எட்டாவது முடிந்த லீவில் எங்கள் வயலுக்கு நடவுக்கு வந்தாள், பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை. அன்றைக்கு அப்பாவுக்கு டீ கொண்டுபோன நான், அவள் குனிந்து நட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கல்வராயன் மலையையே பார்க்கிற மாதிரி வரப்பில் நடந்து போனேன். அதற்குப் பிறகு அவளுக்கு நான் சின்னய்யா ஆகிவிட்டேன். எனக்கு அவள் எப்போதும் போல நீ, வா, போதான்.

தோட்டத்தில் எனக்குப் பக்கத்துத் துண்டு மரைக்கெ என்கிற அம்மாவுடையது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நம்மிடையே ஒரு உண்மையான விவசாயி இருக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை பத்துப் பேரைக் கூட்டி, வெங்காய நாற்று நட்டுக் காட்டச் சொன்னார். நான் உச்சி வெயிலில், காய்ந்த மண்ணிலிருந்து நாற்றை இழுத்துப் பிடுங்கி, பாதி வேரை அறுத்து, குழியில் திணித்துக் காட்டினேன். மறுநாள் அத்தனையும் படுத்துவிட்டது. எங்கள் ஊர் மண் உங்களுக்குப் பழகவில்லை என்று மரைக்கெ என்னைத் தேற்றினார். அந்த நல்ல மனசுக்கு முன்னால் எனக்குக் கூசியது.

அடுத்த சனிக்கிழமை, மிச்சமிருந்த நாற்றோடு தோட்டத்தில் உட்கார்ந்து அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான், ஆனால் வெங்காய நாற்று எப்படி நடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. "எனுக்கு இன்னாடா தெரியும்? செல்வி பின்னாடி வெறகு அடுக்கிக்கினு இருக்கா, அவளையே கேளு" என்று போனோடு பின்கட்டுக்குப் போனார். அவர் வாசல்படிக்கு உள்ளே நிழலில் நின்றுகொண்டு, கையை நீட்டி, வெளியே நின்ற அவளிடம் போனைக் காட்டினார். அவள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"புடுங்கறதுக்கு முன்னாடியே நல்லா தண்ணி வுடணுங்க சின்னய்யா. வெயில்ல நட்டா தலையத் தொங்கப் போட்டுடும். பொழுது சாயறப்ப நடுங்க." சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் காற்றில் அழுத்திக் காட்டினாள். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த மரைக்கெ அதே மாதிரி தன் விரலை அழுத்திப் பழகினார். யார் இவர் என்று கேட்டார். என்னோடு படித்தவள் என்றேன். ஏன் வெயிலில் நிற்கிறார், உள்ளே வரச் சொல்லுங்களேன் என்றார். அவளுக்கு வெயில் பிடிக்கும் என்று சொன்னேன். வருஷத்தில் பாதி நாள் சூரியனைப் பார்க்காத ஊர்க்காரர் அதை அப்படியே நம்பினார். எனக்கும்தான் என்று சொல்லி முகத்தை வானத்துக்குக் காட்டி நின்றார்.

செல்வி சொன்னபடி நட்டேன், பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் முதல் வெங்காயத்தைப் பிடுங்கியபோது ஆலோசகர் அம்மா சொன்ன நிறைவு நிஜமாகவே வந்தது, மறைக்க மாட்டேன். கை நிறைய மண், நெஞ்சில் அந்தக் காலி இல்லை. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது. எனக்கு வாரம் ஒருநாள் மனசு நிறைக்கிற இந்த வேலையை, வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் அவள் முப்பது வருஷமாகச் செய்கிறாள்.

அன்றைக்குத் திடீரென்று மழை பிடித்தது. மரைக்கெ தன் தோட்டத்து மரவீட்டுக்குள் கூப்பிட்டார். என் பூட்ஸ் முழுக்கச் சேறு, வாசலிலேயே நின்றேன். தரையைக் கழுவிக்கொள்ளலாம் என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்து, இறந்துபோன தன் கணவரின் நாற்காலியில் உட்கார வைத்தார். அங்கிருந்தே அண்ணனைக் கூப்பிட்டு, செல்வியிடம் வெங்காயத்தைக் காட்ட வேண்டும் என்றேன். அதே பின்கட்டு. அவர் உள்ளே, அவள் வெளியே. இத்தனை வருஷம் வராத தைரியம் கடல் தாண்டி உட்கார்ந்திருந்ததால் வந்தது. "அண்ணா, அவளுக்கு ஒரு சேர் போடேன். உள்ள வந்து உக்காரட்டும்" என்றேன். அண்ணன் முகம் இறுகிவிட்டது. பதில் சொன்னது செல்விதான்.

"வேணாங்க சின்னய்யா. நீங்க போனை வெச்சிட்டுப் போய்டுவீங்க. நான் நாளைக்கும் இங்கதான வரணும்."

அவளே பேச்சை மாற்ற, என் முதுகுக்குப் பின்னால் தெரிந்த மரச்சுவரைப் பார்த்து அது யார் வீடு என்று விசாரித்தாள். பக்கத்துத் தோட்டத்து அம்மாவுடையது என்றேன். வெங்காயத்தைக் காட்டப் போனைச் சாய்த்தபோது என் பூட்ஸும் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"சேத்துக் காலோட உள்ளயே வுட்டுட்டாங்களாங்க?"

விட்டுட்டாங்க என்றேன். நல்லா இருக்கட்டும் என்று சிரித்தாள். குத்திக் காட்டவில்லை, எனக்காக நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். விறகு கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அண்ணன் போனை அணைக்க மறந்து உள்ளே நடந்தார். திரையில் எங்கள் வீட்டுக் கூடம் வந்தது. மின்விசிறிக்குக் கீழே நாலு நாற்காலிகள், நாலும் காலி. சேற்றுக் காலோடு முன்பின் தெரியாத ஒருவருடைய நாற்காலியில் உட்கார்ந்தபடி, அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.