நான் திரும்பப் பெற்றுக்கொண்ட சாட்சி

ஜெபித்து நன்றி சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்பதே அந்நாட்களில் எங்கள் வீட்டின் நம்பிக்கை. கேட்டதைப் பெற்றுவிட்டதாகவே வாயினால் அறிக்கை செய்ய வேண்டும். சந்தேகத்தை ஒரு சொல்லாகக்கூட வெளியே விடக்கூடாது. ஆகவே வலி என்ற சொல்லை நானும் என் கணவரும் வீட்டில் பயன்படுத்தியதில்லை. தலை வலித்தால், சரியாகிக்கொண்டு வருகிறது என்போம். எங்களுக்கு யாரும் தவறாகப் போதித்ததாக நான் சொல்ல வரவில்லை. கேட்ட பிரசங்கங்களில் எங்களுக்குப் பிடித்த பாதியை நாங்களே எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் நாங்கள் மூவர். நான் கெடா மாநிலத்தின் பாடாங் செராய் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் முருகையா, தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். என்னை மணந்து பல ஆண்டுகள் கழித்து ஞானஸ்நானம் பெற்றவர். மூன்றாமவர் அவருடைய அக்காள் காளியம்மாள். மெர்போக்கில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துப் பிழைத்தவர், கணவர் இறந்தபின் எங்களோடு வந்து தங்கினார். அவர் அறையில் மாரியம்மன் படமும் விளக்கும் இருந்தன. அந்த அறைக் கதவை நான் எப்போதும் சாத்தியே வைப்பேன். நான் அவரை அண்ணி என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். அதில் மரியாதை பாதி, குத்தல் பாதி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்த மறுவருடம், செப்டம்பர் மாதத்தில், நண்பரின் தோட்டத்துக்குப் போன கணவரின் இடது பாதத்தில் செம்பனை முள் ஏறியது. சிலிப்பரைத் துளைத்துக்கொண்டு பெருவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. அவருக்கு இனிப்புநீர் என்னும் நீரிழிவு உண்டு. புண் ஆறாமல் கறுத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் அரசாங்க கிளினிக்கில் கட்டு மாற்றினோம். விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார்கள். நான் மிகவும் பயந்தேன். பயத்தைச் சொல்ல எங்கள் வீட்டில் சொல் இல்லை. உபவாசித்தேன், அழுதேன், எங்கள் சபையின் பெண்கள் குழு முழுவதையும் முழங்காலில் நிறுத்தினேன்.

நவம்பரில் புண்ணின் வாய் மூடியது. கர்த்தர் அங்கே இரங்கினார் என்று இன்றும் நம்புகிறேன். கட்டு மாற்றிய மலாய்த் தாதி அன்று இரண்டு வாக்கியங்கள் சொன்னார். மேலே நன்றாகக் காய்ந்துவிட்டது என்பது முதலாவது. உள்ளே இன்னும் ஆறவில்லை, இன்னும் சில வாரம் கட்டாயம் வர வேண்டும் என்பது இரண்டாவது.

அந்த ஞாயிறு எங்கள் சபையின் ஆண்டுவிழா. கடைவரிசையின் மேல்மாடியில் கூடுகிறோம். அன்று படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லும் சாட்சி நேரத்தில் நான் எழுந்து முதல் வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டாவதை மறக்கவில்லை, அது நாவின் நுனியில் இருந்தது. அதை விட்டுவிட்டேன். பிறகு பக்கத்து ஊர்களான குலிமிலும் சுங்கை பட்டாணியிலும் பெண்கள் கூட்டங்களுக்கு அழைத்தார்கள். போன இடமெல்லாம் சாட்சி சற்று வளர்ந்தது. கட்டை அவிழ்த்தபோது என் கண் எதிரே தோல் கூடியது என்றுகூட ஓரிடத்தில் சொன்னேன். கைதட்டினார்கள். இருபது ஆண்டுகளாக அன்றாடம் காலையில் "என்னைப் பரிசுத்தமாக்கும்" என்று ஜெபித்து வந்தவள் நான். அந்தக் கைதட்டலை அதற்கான பதிலாக எடுத்துக்கொண்டேன்.

கணவர் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினார். நான் நிறுத்தச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஜனவரியில் அவர் வீட்டுக்குள்ளும் காலுறை போடத் தொடங்கினார். கால் குளிர்கிறது என்றார். கெடாவின் ஜனவரி வெயிலில் யாருக்குக் கால் குளிரும்? நான் கேட்கவில்லை.

அண்ணிதான் முதலில் சொன்னார். ஒரு காலை, சமையலறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"டீச்சர், வூட்ல எலி செத்துக் கெடக்குதா?"

நான் வீடு முழுவதையும் பினாயில் ஊற்றிக் கழுவினேன். அலமாரிகளை நகர்த்தினேன். மறுநாள் மறுபடியும் வந்தார்.

"எலி இல்லலா டீச்சர். ஒன் புருஷன் காலு. மோந்து பார்த்தியா நீ?"

"அண்ணி, அது ஆறிடுச்சு. இந்த வீட்டில அவிசுவாசமா பேசாதீங்க."

"பேசல. ஒரு தடவ அந்த சாக்ஸ கழட்டிப் பாரு. பார்த்தா ஒங்க சாமி கோவிச்சுக்குமா?"

கணவர் அங்கேதான் நாற்காலியில் இருந்தார். காலைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டு, "அக்கா, வேணாம், விடு" என்றார். நான் ஜெப அறைக்குப் போய், இந்த வீட்டிலுள்ள எதிரான ஆவி விலக வேண்டும் என்று ஜெபித்தேன். அண்ணியைத்தான் அப்படிச் சொன்னேன். எழுதவே கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தச் சாட்சியும் பழைய சாட்சியைப் போலவே ஆகிவிடும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. அன்று ஓர் ஊரில் நான் சாட்சி சொல்லவேண்டி இருந்தது. புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம். ஓடிப்போனால் கணவர் சுவரோடு சாய்ந்து கிடந்தார்; உடம்பு நெருப்பாகச் சுட்டது, பேச்சு குழறியது. அண்ணி தரையில் உட்கார்ந்து அந்தக் காலுறையைக் கழற்றினார். அது எளிதில் கழலவில்லை. பாதம் கணுக்கால் வரை கறுத்திருந்தது. அன்றுதான், மூன்று மாதங்களுக்குப் பிறகு, என் கணவரின் பாதத்தைப் பார்த்தேன்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் மறைக்காமல் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது. எடுத்தாலும் பிழைப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. அறுவைக்கு முன் சிறிது தெளிந்த கணவரிடம் கேட்டேன்.

"என்னங்க, ஏன் சொல்லலை?"

"நீ சாட்சி சொல்லிட்டியேம்மா" என்றார். "அத்தன பேரு கை தட்னாங்க. ஒன்ன பொய்யின்னு ஆக்க மனசு வரல. அதுக்குள்ள ஆறிடும்னு பார்த்தேன்."

என் கௌரவத்தைக் காப்பாற்ற அவர் தம் காலைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அதை விசுவாசம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நான் நடைகூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தேன். அறிக்கை செய்ய வாய் வரவில்லை. வசனங்கள் எல்லாம் தெரியும். ஒன்றும் என் நாவுக்கு உரியதாக இல்லை. கடைசியில், "ஆண்டவரே, பயமாக இருக்கிறது. நான் பொய் சொன்னேன். அவர் உயிரைத் தாரும். உண்மையைச் சொல்ல எனக்கு வாயைத் தாரும்" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் ஜெபம். பக்கத்தில் அண்ணி உட்கார்ந்து முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் கணவர் கண் திறந்து, கால் இல்லாத போர்வையைப் பார்த்து, "லாரி ஓட்ட கிளச்சு மிதிக்கிற காலுதான் போச்சு. இனிமே ஆட்டோ கியர்தான்" என்றார். அண்ணி சிரித்துவிட்டு அழுதார். ஜெபத்தின் முதல் பாதி கேட்கப்பட்டது.

இரண்டாம் பாதிக்கு ஏழு வாரம் ஆயிற்று. எங்கள் போதகரிடம் போய், என் சாட்சியைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர்.

"சிஸ்டர், சபைக்குப் புதுசா வந்த ஆத்துமாக்கள் இருக்காங்க. இடறிடுவாங்களோன்னு பயமா இருக்கு. உயிர் பிழைச்சார்னு மட்டும் சொல்லுங்களேன். அதுவும் உண்மைதானே?"

"அது உண்மைதான் பாஸ்டர். போன தடவையும் பாதி உண்மைதான் சொன்னேன்."

அவர் அதற்குமேல் தடுக்கவில்லை. அந்த ஞாயிறு அண்ணி, தாமாகவே, முதல்முறையாக என்னோடு படியேறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "நீ முழுசா சொல்றியான்னு பாக்க வந்தேன்" என்றார். தாதி சொன்ன இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன். குலிமில் சேர்த்துச் சொன்னதைச் சொன்னேன். அண்ணியைக் குறித்து ஜெபித்ததையும் சொல்லி, எல்லார் முன்பாகவும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். யாரும் கை தட்டவில்லை.

இறங்கும்போது படிக்கட்டில் செல்வி என்ற பெண் என் கையைப் பிடித்தார். தொழிற்சாலையில் வேலை செய்பவர், இரண்டு பிள்ளைகளின் தாய்.

"அக்கா, ஆண்டுவிழா அன்னைக்கு நீங்க சொன்னதுலேருந்து நான் இன்சுலின் ஊசிய நிறுத்திட்டேன். வூட்ல யாருக்கும் தெரியாது. இப்ப கண்ணு மங்குது."

திங்கட்கிழமை காலை அவரை நானே கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். தாமதம், ஆனால் மிகத் தாமதமில்லை என்றார்கள். இன்று அவர் கண் பார்வையோடு இருக்கிறார். என் ஜெபத்தின் இரண்டாம் பாதி யாருக்காகக் கேட்கப்பட்டது என்று அன்று புரிந்தது.

என்னைப் பரிசுத்தமாக்க ஆண்டவர் என் கணவரின் காலை எடுத்தார் என்று சிலர் ஆறுதலாகச் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. கால் போனதில் என் பொய்க்குப் பங்கு உண்டு. ஆண்டவர் செய்தது, அந்தப் பொய்க்குள்ளிருந்து என்னை வெளியே நடத்தியது. அதுவும் ஒரே நாளில் அல்ல. பரிசுத்தம் என்பதை மேலிருந்து ஊற்றப்படும் ஒன்றாக எண்ணியிருந்தேன். எனக்கு அது அன்றாட வேலையாக வந்தது. ஒவ்வொரு காலையும் கணவரின் வலது காலை மடியில் எடுத்து வைத்துப் பார்ப்பேன். விரலிடுக்குகள், குதிகால், உள்ளங்காலுக்குக் கீழே ஒரு சிறு கண்ணாடி. அண்ணி டார்ச் அடிப்பார். சிவந்திருந்தால் சிவந்திருக்கிறது என்பேன். வலிக்கிறதா என்று கேட்பேன். வலித்தால் வலிக்கிறது என்பார். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. சில காலைகளில் எனக்குச் சலிப்பு வரும், இடுப்பு ஒடியும், முகம் சுளித்துவிடுவேன். அதையும் ஜெபத்தில் அப்படியே சொல்லப் பழகினேன். மூன்றாண்டுகள் இப்படிப் போயின. வலது காலில் ஒரு புண்ணும் வரவில்லை.

அவரால் படியேற முடியாததால் வெள்ளிக்கிழமை ஜெபம் எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தது. அண்ணி எல்லாருக்கும் தேநீர் கலக்குவார். "ஒங்க சாமி மேல எனக்குக் கொறையே இல்ல டீச்சர். ஒன் வாயி மேலதான் இருந்திச்சி" என்று ஒருநாள் கூட்டத்துக்கு நடுவே சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். அவர் அறைக் கதவு இப்போது திறந்தே இருக்கிறது. அவருக்காக ஜெபிக்கிறேன், முன்பு ஜெபித்த விதமாக அல்ல.

சென்ற ஆண்டு, ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது கணவரின் இருதயம் நின்றது. அப்போதும் ஜெபித்தேன். அவர் எழவில்லை. இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இதை வாசிக்கும் அன்பானவர்களே, நான் களைத்திருக்கிறேன். என்றாலும் நன்றியோடு எழுதுகிறேன். நம்புங்கள், கேளுங்கள், மருந்தையும் விடாதீர்கள். ஆண்டவரைக் காப்பாற்ற நம் பொய் அவருக்குத் தேவையில்லை. சாட்சி சொல்ல எழும்போது, விட்டுவிட நினைக்கும் அந்த வாக்கியத்தையும் சொல்லுங்கள். அவர் அங்கேதான் உங்களுக்காகக் காத்திருப்பார்.

போன ஜூனில் அண்ணிக்கும் இனிப்புநீர் என்று தெரிந்தது. காலையில் அவர் விளக்கேற்றுவார், நான் வேதம் வாசிப்பேன். பிறகு அவர் முனகிக்கொண்டே காலை என் மடியில் நீட்டுவார். டார்ச்சை அவரே பிடித்துக்கொள்வார். வீட்டில் இப்போது நாங்கள் இருவர்தாம்.